சரணாலயமும் சாம்பலும்

வடசென்னை மீனவர்களுக்குத் தண்ணீர்தான் மேய்ச்சல் நிலம். எண்ணூர் கழிமுகத்திலும் அதற்கு வடக்கே பழவேற்காட்டிலும் இறால், நண்டை நம்பிப் பல குப்பங்கள் வாழ்கின்றன. பழவேற்காட்டில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை விரிப்பது என்பதை முறைவைத்துத் தீர்மானிக்கும் ‘பாடு’ வழக்கம் வனச் சட்டங்களுக்கு முந்தையது.

1980-இல் பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயம் ஆனது. பூநாரைகளுக்குக் காவல் கிடைத்தது. எல்லைக்குள் அகப்பட்ட ஊர்களுக்கோ நிலம், தொழில் உரிமை பற்றிய கவலை. காவலும் பிழைப்பும் மோதும் இடங்களில் இது ரத்தக்களரியாவதும் உண்டு: கென்யாவின் லைகிப்பியாவில் 2017 வறட்சியின்போது மேய்ப்பர்கள் மந்தைகளோடு வனவிலங்குப் பண்ணைகளுக்குள் நுழைய, துப்பாக்கிகள் வெடித்தன. இங்கே வெடித்ததில்லை. மனுக்கள்தான் குவிந்தன.

எண்ணூருக்கு அந்தக் காவலும் இல்லை. 1970-இல் ஓர் அனல்மின் நிலையம், 1994-இல் இன்னொன்று, 2001-இல் துறைமுகம். சாம்பல் குழாய்கள் உடைந்து, குழம்பு கழிமுகத்தில் கலக்கும் கொசஸ்தலையாற்றில் இறங்கியது, ஆழம் குறைந்தது. 2022-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கழிமுகத்தை மீட்க உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து படிந்தது. கூழைக்கடாவின் இறகும் கறுத்தது, மீனவரின் படகும் கறுத்தது. போதாதற்குக் ‘காக்கா ஆழி’ என்ற அந்நியச் சிப்பி ஆற்றடியை மூடி இறாலை விரட்டுகிறது.

அந்தச் சிப்பி பரவுவதைப் பற்றி முதலில் குரல் கொடுத்தவர்கள் மீனவர்களே. மீட்புத் திட்டம் தீட்டும் மேசையில் அவர்களுக்கும் நாற்காலி போடுங்கள்.