பிரெட் டிரெஸ்ஸிங்

உலர்த்திய பிரெட் துண்டுகளை, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், செலரித் தண்டு, நறுமண இலைகள் ஆகியவற்றோடு கலந்து, கோழிச் சாறு ஊற்றி ஓவனில் வேகவைக்கும் வட அமெரிக்கத் துணை உணவு. நன்றி நவிலல் நாளிலும் (அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழன், கனடாவில் அக்டோபர் மாத இரண்டாம் திங்கள்) கிறிஸ்துமசிலும் முழுதாகச் சுட்ட வான்கோழியோடு பரிமாறப்படுகிறது. பறவையின் வயிற்றுக்குள் அடைத்து வேகவைத்தால் ஸ்டஃபிங், தனித் தட்டில் வேகவைத்தால் டிரெஸ்ஸிங் என்பர் நூலோர். அமெரிக்கத் தென் மாநில வீடுகளில் இரண்டுக்கும் டிரெஸ்ஸிங் என்றே பெயர்.

வரலாறு

விலங்கின் வயிற்றில் பூரணம் அடைத்துச் சமைக்கும் வழக்கம் மிகப் பழையது. அப்பீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் கோழி, முயல், பன்றிக்குட்டி ஆகியவற்றுக்கான பூரணங்கள் உண்டு. டார்மவுஸ் என்னும் சிறு கொறிணிக்குக்கூடப் பன்றி இறைச்சி, மிளகு, பைன் கொட்டை சேர்த்த பூரணம் ஒன்று சொல்லப்பட்டிருக்கிறது. வான்கோழி அப்போது ஐரோப்பாவில் இல்லை. மெக்சிகோவில் வளர்ப்புப் பறவையாக இருந்த அதை 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் கொண்டு வந்தனர்.

நன்றி நவிலலின் தொடக்கமாகக் கருதப்படும், 1621இல் ஆங்கிலேயரின் பிளிமத் குடியேற்றத்தில் நடந்த அறுவடை விருந்திலேயே இவ்வுணவு இருந்ததாகப் பள்ளிப் பாடங்கள் வழியே ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. விருந்தைப் பற்றிக் குடியேறிகளுள் ஒருவரான எட்வர்டு வின்ஸ்லோ எழுதிய கடிதம் வேட்டையாடிய பறவைகளையும், வம்பனோவாக் பூர்வகுடி மக்கள் கொண்டுவந்த ஐந்து மான்களையும் சொல்கிறது. பூரணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அவ்வாண்டு குடியேறிகளுக்கு நன்றாக விளைந்தது மக்காச்சோளம். கோதுமை ரொட்டியைப் பிய்த்துப் பறவைக்குள் அடைக்கும் வசதி அவர்களுக்கு ஏது?

உறுதியான சான்று 1796இல் கிடைக்கிறது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் நூல் எனப்படும் அமேலியா சிம்மன்சின் ‘அமெரிக்கன் குக்கரி’ அவ்வாண்டு ஹார்ட்ஃபோர்டில் வெளிவந்தது. அதில் வான்கோழிக்குச் சொல்லப்படும் பூரணம்: ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) மென்மையான கோதுமை ரொட்டி, மூன்று அவுன்ஸ் மாட்டுக் கொழுப்பு, மூன்று முட்டை, தைம், மார்ஜோரம், மிளகு, உப்பு, விரும்பினால் சிறிது ஒயின். இன்னொரு பக்குவத்தில் வெண்ணெயும் உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் சேஜ் இலையும் வருகின்றன. இன்றைய டிரெஸ்ஸிங்கின் உடம்பு இங்கேயே உருவாகிவிட்டது. செலரியும் கோழிச் சாறும்தான் பாக்கி.

சாரா ஜோசஃபா ஹேல் 1827இல் வெளியிட்ட ‘நார்த்வுட்’ நாவலில் நன்றி நவிலல் விருந்தை விரிவாக வருணித்து, பூரணம் மணக்கும் வான்கோழியை மேசையின் தலைமாட்டில் வைத்தார். இந்நாளைத் தேசிய விழாவாக்கப் பல்லாண்டு கடிதம் எழுதியவரும் அவரே. 1863இல் அதிபர் லிங்கன் அதற்கான பிரகடனம் வெளியிட்டார். நான்கு ஆண்டு கழித்து பாஸ்டனில் வில்லியம் பெல்லின் மசாலாப் பொடி விற்பனைக்கு வந்தது. சேஜ் மணமே டிரெஸ்ஸிங்கின் மணம் என்று வடகிழக்கு மாநிலங்களில் நிலைத்ததில் அப்பொடிக்குப் பெரும் பங்கு உண்டு.

செய்முறை

வெள்ளை பிரெட் 450 கிராமை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, 120 பாகை செல்சியசில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் உலர்த்த வேண்டும். முந்தைய நாள் பிரெட் போதும் என்பது பொதுவான எண்ணம், போதாது. நாள்பட்ட பிரெட் விறைப்பது அதன் மாவுச்சத்து மீண்டும் படிகமாவதால். ஈரம் பெரும்பாலும் உள்ளேயே நிற்கிறது. அத்தகைய துண்டில் சாறு ஊற்றினால் கூழாகும். ஓவனில் உலர்ந்த துண்டோ உருக்குலையாமல் சாற்றை உறிஞ்சும்.

115 கிராம் வெண்ணெயில் வெங்காயமும் செலரியும் நிறம் மாறாமல் குழைய வதங்கியபின் சேஜ், தைம், பார்ஸ்லி சேர்த்து பிரெட்டோடு கிளறி, இரண்டு முட்டை அடித்த கோழிச் சாறு அரை லிட்டரை ஊற்றுவர். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் சேர்ந்து நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. 175 பாகையில் மூடி அரை மணி, திறந்து கால் மணி வைத்தால் மேற்புறம் மொறுமொறுப்பாகும்.

பறவைக்குள் அடைப்பதைத் தவிர்ப்பதே அறிவுடைமை. பச்சை இறைச்சியின் சாறு பூரணத்தில் இறங்குவதால் அதன் நடுப்பகுதி 74 பாகையை எட்டியாக வேண்டும். அதற்குள் நெஞ்சுக்கறி வறண்டுவிடும்.

வகைகள்

தெற்கே மக்காச்சோள ரொட்டி, நியூ இங்கிலாந்துக் கரையில் சிப்பி, பென்சில்வேனிய ஜெர்மானியரிடம் உருளைக்கிழங்கு, மின்னசோட்டாவில் காட்டரிசி, சான் பிரான்சிஸ்கோவில் புளித்தமாவு ரொட்டி எனக் கிளைகள் பல.

இன்றைய நிலை

ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1972இல் ஸ்டவ் டாப் என்னும் உடனடிக் கலவையை அறிமுகப்படுத்தியது. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரூத் சீம்ஸ், சரியான அளவுள்ள பிரெட் துணுக்கே வெற்றிக்கு வழி என்று கண்டவர். அடுப்பில் ஐந்தே நிமிடத்தில் முடியும் அக்கலவை விழா நாள் உணவை வாரநாள் உணவாக்கியது; மொறுமொறுத்த மேற்புறம் மட்டும் அதில் கிடையாது.