ராஜாபாய் மணிக்கூண்டு: ஒரு பெயரின் வரலாறும் தமிழாக்கச் சிக்கலும்

1. முன்னுரை

ஒரு கட்டடத்துக்கு மனிதரின் பெயர் சூட்டப்படும்போது அப்பெயர் காரணப்பெயராகத் தொடங்குகிறது. காலப்போக்கில் காரணம் மறக்கப்பட, பெயர் இடுகுறி போல வழங்கத் தலைப்படுகிறது. அது வேறு மொழிக்கும் வேறு எழுத்து முறைக்கும் பெயரும்போது, எஞ்சியிருந்த காரணமும் மறைந்துவிட வாய்ப்புண்டு. மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டைப் பகுதி வளாகத்தில் நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டு இதற்குத் தக்க சான்றாகும். இக்கட்டுரை அக்கட்டடத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, அதன் பெயர் தமிழில் எழுதப்படும்போது நேரும் பொருள் இழப்பையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் ஆராய்கிறது.

2. கட்டடமும் கொடையும்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857ஆம் ஆண்டில் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்குத் தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் இல்லை. அதன் அலுவலகம் நகர மன்றக் கட்டடத்தில் இயங்கி வந்தது. இக்குறையை நீக்கியவர்கள் பம்பாயின் வணிகர்கள். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போரினால் இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. அதனால் இந்தியப் பருத்தியின் விலை உயர்ந்தது. பம்பாயில் பெருஞ்செல்வம் குவிந்தது. அச்செல்வத்தின் ஒரு பகுதி கல்விக்கும் வந்து சேர்ந்தது. பட்டமளிப்பு மண்டபத்துக்குக் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ஒரு லட்சம் ரூபாய் அளித்தார். பருத்தி வணிகத்திலும் பங்குச் சந்தையிலும் முன்னணியில் இருந்த பிரேம்சந்த் ராய்சந்த் (1831–1906) நூலகம் கட்டுவதற்கென 1864ஆம் ஆண்டில் இரண்டு லட்சம் ரூபாய் வழங்கினார். அதே ஆண்டில், பெரிய கடிகாரமும் மணிகளும் அமைந்த கோபுரம் ஒன்று எழுப்புவதற்கென மேலும் இரண்டு லட்சம் ரூபாய் அளித்து, அதற்குத் தம் தாயார் ராஜாபாயின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று விரும்பினார்.

போர் முடிந்த 1865ஆம் ஆண்டில் பருத்தி விலை சரிந்தது. பங்குச் சந்தையும் வீழ்ந்தது. பிரேம்சந்தும் பெரும் இழப்புக்கு ஆளானார். ஆயினும் கொடை நிலைபெற்றது. இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், பம்பாய்க்கு வராமலேயே, கோதிக் பாணியில் வரைபடம் வகுத்தளித்தார். 1869ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது; 1878ஆம் ஆண்டு நவம்பரில் பணி நிறைவெய்தியது. சுமார் 280 அடி உயரமுள்ள இக்கட்டடத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபாய் செலவாயிற்று.

3. பெயருக்குரியவர்

ராஜாபாயைப் பற்றிப் பொதுமக்களிடையே வழங்கும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. அவர் கண்பார்வை இழந்தவர் என்றும், இருட்டுமுன் உண்ண வேண்டும் என்னும் சமண நெறியைப் பிறர் உதவியின்றிக் கடைப்பிடிக்க மணியோசை அவருக்குத் துணை புரிந்தது என்றும் அது கூறும். இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதைவிட, பெயருக்கும் மணிக்கும் உள்ள தொடர்பை விளக்க மக்கள் மேற்கொண்ட முயற்சியாகக் கொள்வதே பொருந்தும். எனினும் அச்செய்தி ஒன்றை உறுதி செய்கிறது: இப்பெயர் ஒரு பெண்ணின் பெயர் என்பதை அந்நகர மக்கள் மறக்கவில்லை.

பெயரிடும் முறையை நோக்கினால் மற்றோர் உண்மையும் புலனாகும். குஜராத்தி வணிகர் மரபில் தன் பெயரை அடுத்துத் தந்தையின் பெயர் வரும். பிரேம்சந்த் என்பது மகனின் பெயர். ராய்சந்த் என்பது தந்தையின் பெயர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கும் இவர் 1866ஆம் ஆண்டில் இரண்டு லட்சம் ரூபாய் கொடையளித்தார். அங்கு நிறுவப்பட்ட ஆய்வு உதவித்தொகை 'பிரேம்சந்த் ராய்சந்த்' என்றே வழங்குகிறது. ஆக, கல்கத்தாவில் மகன் பெயரும் தந்தை பெயரும் நிலைபெற்றன. மகனின் பெயரில் இடம்பெறாத தாயின் பெயர் பம்பாயில் நிலைபெற்றது.

இதன் சிறப்பை அக்காலச் சூழலில் வைத்து நோக்க வேண்டும். 1878ஆம் ஆண்டில் மணிக்கூண்டு நிறைவுற்றபோது அப்பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற பெண் ஒருவரும் இலர். கார்னீலியா சொராப்ஜி அங்கு முதல் பெண் பட்டதாரியானது 1888ஆம் ஆண்டில்தான். பெண்ணொருவர் பட்டம் பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே ஒரு பெண்ணின் பெயர் அப்பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த கட்டடத்தில் இடம்பெற்றுவிட்டது.

4. தமிழில் நேரும் இழப்பு

பாயி என்பது மராத்தியிலும் குஜராத்தியிலும் பெண்பாற் பெயர்களை அடுத்து வரும் மதிப்புச் சொல். ஜீஜாபாய், அகல்யாபாய் முதலிய பெயர்கள் எடுத்துக்காட்டுகள். ஆண்பாற் பெயர்களை அடுத்து வரும் மற்றொரு சொல் 'சகோதரன்' என்னும் பொருளுடையது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு முதலெழுத்தின் மூச்சொலி மட்டுமே: பெண்பாற் சொல்லில் அது இல்லை, ஆண்பாற் சொல்லில் உண்டு. நாகரி எழுத்திலும் குஜராத்தி எழுத்திலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. தமிழில் பகர எழுத்து ஒன்றே இரண்டுக்கும் பொது. எனவே இரு சொற்களும் 'பாய்' என ஒரே வடிவம் பெறுகின்றன.

தமிழ்ப் பேச்சு வழக்கில் 'பாய்' என்பது இசுலாமிய ஆடவரை அழைக்கும் சொல்லாக வேரூன்றியுள்ளது. முன் நிற்கும் 'ராஜா' என்பதோ தமிழில் ஆண்பாற் சொல். ஆகவே 'ராஜாபாய்' என்பதைப் படிக்கும் தமிழர் அதனை ஆடவரின் பெயராகக் கொள்வது இயல்பே. பிறபெயர்களும் இங்கு உதவுவதில்லை. 'ராஜாபாய் என்பவர்', 'அவரது நினைவாக' என எழுதும்போது, மதிப்புப் பன்மையான 'அவர்' இருபாற்கும் பொதுவாக நின்று பிழையை நீடிக்கச் செய்கிறது. மீராபாய், லட்சுமிபாய் போன்ற பெயர்களில் இம்மயக்கம் எழாமைக்குக் காரணம், முதற்சொல்லே பெண்பாலை உணர்த்துவதும் அவர்தம் வரலாறு முன்பே அறியப்பட்டிருப்பதுமாகும்.

இதே நகரில் மற்றொரு தாயின் பெயர் வேறு வகையில் மறைந்தது. கார்வே 1916ஆம் ஆண்டில் நிறுவிய மகளிர் பல்கலைக்கழகத்துக்கு விட்டல்தாஸ் தாக்கர்சி 1920ஆம் ஆண்டில் பதினைந்து லட்சம் ரூபாய் வழங்கினார். அவருடைய தாயார் நாதிபாயின் நினைவாக அதற்கு 'ஸ்ரீமதி நாதிபாய் தாமோதர் தாக்கர்சி' எனப் பெயரிடப்பட்டது. வழக்கில் அது 'எஸ்.என்.டி.டி.' எனச் சுருங்கிவிட்டது. ஒரு பெயரைச் சுருக்கக் குறியீடு மறைக்கிறது. மற்றொன்றை எழுத்துப் பெயர்ப்பு மறைக்கிறது.

5. மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்க முறை

முதலாவது, இரண்டாவது சொல்லை 'பாயி' என நீட்டி எழுதுவது தீர்வாகாது. மூல மொழிகளில் இரு சொற்களுமே ஈகாரத்தில் முடிகின்றன. முதன்முறை குறிப்பிடும்போது 'ராஜாபாய் அம்மையார்' என்றோ 'பிரேம்சந்தின் தாயார் ராஜாபாய்' என்றோ எழுதுவதே தெளிவு தரும். பின்னர் பெயரை மட்டும் எழுதலாம்.

இரண்டாவது, கட்டடத்தின் வகைப்பெயர். 'கோபுரம்' என்பது தமிழ் வாசகர் மனத்தில் கோயில் வாயிலை முதலில் தோற்றுவிக்கும். கும்பகோணம், திண்டுக்கல் முதலிய ஊர்களில் மக்கள் வழங்கும் 'மணிக்கூண்டு' என்னும் சொல் கடிகாரத்தையும் மணியோசையையும் ஒருங்கே உணர்த்துவதால் அதுவே ஏற்புடையது.

6. முடிவுரை

நகரின் பெயர் 1995ஆம் ஆண்டிலும் பல்கலைக்கழகத்தின் பெயர் 1996ஆம் ஆண்டிலும் மும்பை என மாறின. மணிக்கூண்டின் பெயர் மாறவில்லை. 2015ஆம் ஆண்டில் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. 2018ஆம் ஆண்டில் அது அமைந்துள்ள பகுதி உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கல்லில் ஏற்பட்ட சிதைவைச் செப்பனிடும் பணி அங்கு நிறைவேறியது. தமிழில் அப்பெயர் அடைந்த சிதைவைச் செப்பனிட 'தாயார்' என்னும் ஒரு சொல் போதும். அதனைச் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளரின் விருப்பத்துக்கு விடத்தக்கதன்று. மூலத்தில் உள்ள பொருளைக் காக்கும் கடமையின் பாற்பட்டது.