குழந்தைகளுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று: மறைந்திருக்கும் காரணங்களைக் கண்டறிவது எப்படி?

பாலக்காடு: குழந்தைக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று ஒருமுறைக்கு மேல் வந்தால், மருந்தால் காய்ச்சலைத் தணிப்பது மட்டும் போதாது. அது ஏன் திரும்பி வருகிறது என்பதையும் கண்டறிய வேண்டும். காரணம் தெரியாமல் நாள் கடந்தால் சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பு ஏற்படலாம்.

முதல் படி

சரியான சிறுநீர் மாதிரியே நோயறிதலின் அடிப்படை. உடலில் ஒட்டும் பையில் சேகரித்த மாதிரியில் தோல் கிருமிகள் கலந்துவிடும். ஆய்வகத்துக்குச் செல்லத் தாமதமானாலும் கிருமிகள் பெருகி முடிவு பிழையாகும். எனவே தேவிகுளம், பீர்மேடு போன்ற மலைப்பகுதி எஸ்டேட்டுகளில் வசிப்போர் மாதிரியை மருத்துவமனையிலேயே கொடுப்பது நல்லது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* ஆண் குழந்தைக்குச் சிறுநீர் மெலிந்தோ சொட்டுச் சொட்டாகவோ வந்தால், சிறுநீர் வெளியேறும் வழியில் பிறவியிலேயே சவ்வுத் தடை இருக்கலாம்.
* பெண் குழந்தை வழக்கம்போல் சிறுநீர் கழித்தும் உள்ளாடை எப்போதும் ஈரமாக இருந்தால், சிறுநீரகக் குழாய் சிறுநீர்ப்பைக்கு வெளியே திறந்திருக்கலாம்.
* முதுகின் அடிப்பகுதியில் குழியோ மயிர்க்கற்றையோ தெரிந்தால், தண்டுவடக் குறைபாட்டால் சிறுநீர்ப்பையின் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.
* நாள்பட்ட மலச்சிக்கலால் சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாது. பலரும் கவனிக்கத் தவறும் காரணம் இது.
* சிறுநீரகக் கல்லும், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பும் கோளாறும் தொற்றைத் தூண்டலாம்.

பரிசோதனைகள்

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்யப்படும். சிறுநீர் மேலேறுகிறதா, வழியில் தடை உள்ளதா என்பதை எம்.சி.யு. எக்ஸ்ரே காட்டும். மேலேறும் கோளாறு ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. சிறுநீரகத் தழும்பை அறிய, தொற்று தணிந்து சில மாதங்களுக்குப் பின் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுக்கப்படும். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாப் பரிசோதனைகளும் தேவைப்படுவதில்லை.

ஆவணங்கள் அவசியம்

எல்லைப் பகுதிக் குடும்பங்கள் சிகிச்சைக்காக இடுக்கி, பாலக்காடு மட்டுமின்றி தேனி, கோவை மருத்துவமனைகளுக்கும் செல்வதுண்டு. முந்தைய அறிக்கைகள் இல்லையெனில் ஒவ்வொரு மருத்துவருக்கும் அது முதல் தொற்றாகவே தோன்றும். ஆகவே காய்ச்சல் வந்த தேதி, கல்ச்சர் முடிவு, ஸ்கேன் அறிக்கை, கொடுத்த மருந்து ஆகிய விவரங்களை ஒரே கோப்பில் வைத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்ல வேண்டும். காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு நாட்களுக்கு மேல் நீடித்தால் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.