ஆவணமும் வீட்டுப் பெட்டியும்

செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ், இரயில்வேயால் வளர்ந்தது. அங்கே கிராணிமாராகப் பணியாற்றியோருள் பலர் யாழ்ப்பாணத்தார். அவர்தம் தாயகத்தில் 1981இல் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அத்தகைய இழப்பு மீண்டும் நேராதிருக்க, 2005இல் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தைத் தொடங்கினர். நூல்களைத் தேடித் தந்தோரும், மின்படியெடுத்தோரும், பட்டியலிட்டோரும் கூடி உழைத்தமையால், ஈழத்து எழுத்துகள் இன்று உலகெங்கும் மாணவர்க்கு எட்டுகின்றன.

பிரிக்பீல்ட்சில் அரசு ஊழியர்க்கெனக் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' இடிக்கப்பட்டுவிட்டது. அங்கு வாழ்ந்தோரின் பதவியையும் ஊதியத்தையும் அரசு ஆவணங்களில் தேடலாம். அவர்தம் முகங்களும் உறவுகளும் வீட்டுப் பெட்டிகளில் உறங்குகின்றன. காப்பகத்தாரும் குடும்பத்தாரும் ஆசிரியரும் ஒன்றுகூடினாலன்றி, நம் பிள்ளைகள் கற்கத்தக்க வரலாற்றுத்தளம் உருவாகாது. பெட்டிகளைத் திறப்போம், முதியோர் நம்மோடிருக்கும்போதே படங்களின் பின்புறத்தில் பெயர்களை எழுதிவைப்போம்.