சங்கு நின்ற ஊர் – 9: பதினைந்தாவது கேள்வி

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி சாம்பியன் ரீஃப் தொழிலாளர் லைன்களில் பரவிய இரவோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதே 2001 பிப்ரவரியில் இன்னொரு காரியமும் கோலார் தங்கவயலில் நடந்துகொண்டிருந்தது. கையில் அட்டையும் பேனாவுமாக வாத்தியார்கள் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 9-ம் தேதி தொடங்கி 28-ம் தேதி முடிய வேண்டும். சுரங்கத்தை நடத்திய பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டதும் அதே 28-ம் தேதிதான்.

அந்தப் படிவத்தின் பதினைந்தாவது கேள்வி நம் கதைக்கு முக்கியம். வீட்டில் உடல் குறையோ மனக் குறையோ உள்ளவர் இருக்கிறாரா? பார்வை என்றால் 1, பேச்சு 2, கேட்பு 3, நடமாட்டம் 4, மனம் 5.

இந்தக் கேள்வி சும்மா வந்துவிடவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் 1931 வரை பார்வையற்றவர், காது கேளாதவர், பித்துப் பிடித்தவர் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அதை விட்டுவிட்டார்கள். 1981-ல் ஒருமுறை கேட்டார்கள். அப்போதும் கண், வாய், கை கால் மட்டும்தான். மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு அந்தத் தாளில் இடமில்லை. 1991-ல் கேள்வியே இல்லை. எண்ணிக்கை தெரியாத கூட்டத்துக்கு எந்த சர்க்கார் பணம் ஒதுக்கும்? சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் ஆபிதியும் அவரோடு நின்றவர்களும் டெல்லியில் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் 2001-ல் அந்த ஒரு வரி ஏறியது.

அதற்கு முன்பே இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர்கள் இன்னொன்றையும் சாதித்திருந்தார்கள். 1995-ல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. அதைவிடப் பெரிய குறை, அந்தப் பெற்றோரைத் தூங்கவிடாத கேள்விக்கு அதில் பதிலே இல்லாதது: எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்? 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் என்ற நான்குக்குமான சட்டம். அரசு 100 கோடி ரூபாய் முதலாகக் கொடுத்தது. பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளரை நியமிக்க மாவட்டந்தோறும் கமிட்டி என்றார்கள். கலெக்டர் ஒருவர், தொண்டு நிறுவனத்துக்காரர் ஒருவர், ஊனமுற்றவர் ஒருவர்.

தங்கவயலில் அதுவரை காப்பாளர் சுரங்கக் கம்பெனிதான். வீடு கம்பெனி வீடு. தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி, எல்லாமே கம்பெனி. அம்மா ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சோறு வடிக்க, லைனே சேர்ந்து பார்த்துக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, எதிர் வீட்டு அக்கா. இதை எந்தச் சட்டமும் எழுதித் தரவில்லை. ஆனால் சுரங்கம் நின்றால் அந்த அக்காவும் விடிவதற்கு முன்னே மாரிக்குப்பத்தில் ரயிலேறி வேலைக்கு பெங்களூர் போக வேண்டும்.

இப்போது ஒரு லைன் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே அறை, முன்னால் தட்டி வைத்து மறைத்த திண்ணை. பத்தொன்பது வயதுப் பையன். கடிகாரம் பார்க்கத் தெரியாது. சுரங்கத்தின் சங்குதான் அவனுக்குக் கடிகாரம். ஷிப்டு சங்கு ஊதியதும் அப்பாவின் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். மூடியைக் கழற்றி, திரும்ப மூடி, அது சரியாகப் பொருந்தும்வரை விடமாட்டான்.

"மனெயல்லி எஷ்டு ஜன?" (வீட்டில் எத்தனை பேர்?) என்று கன்னடத்தில் தொடங்கிய வாத்தியார், அம்மாவின் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறுகிறார். பதினைந்தாவது கேள்வி வருகிறது. உள்ளே கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அம்மா சொல்கிறாள்: "அவனா சார்? கொஞ்சம் பேச்சு சரியா வராது. அவ்வளவுதான்."

வாத்தியார் 2 என்று எழுதுகிறார். ஒருவருக்கு ஒரு எண்தான் எழுதலாம், அதுவும் வீட்டார் சொல்வதுதான். அப்படி நாடு முழுக்கச் சேர்ந்தது 2.19 கோடிப் பேர். அதில் 5 என்று எழுதப்பட்டவர்கள் 22 லட்சத்துக்குச் சற்று மேல். மனநோயும் மனவளர்ச்சிக் குறைபாடும் அந்த ஒரே எண்ணுக்குள் அடைபட்டிருந்தன. அவற்றைப் பிரித்து எண்ண 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப் பதில் சொன்ன தாய்மார்களைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. உண்மையைச் சொன்னால் மகளுக்கு மாப்பிள்ளை வரமாட்டான் என்பது கண்ணெதிரே தெரிகிறது. சொன்னால் மகனுக்கு என்ன கிடைக்கும் என்று அதுவரை யாரும் வந்து சொன்னதில்லை.

சுரங்கம் மூடியது. சங்கு ஊதவில்லை. பையன் தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றுகொண்டே இருக்கிறான்.

செட்டில்மெண்ட் பணம் வந்தால் பாதியை மகன் பெயரில் போட்டுவிட வேண்டும் என்று அப்பா முடிவு செய்கிறார். இருமல் நாளுக்கு நாள் கூடுகிறது; தனக்கு எவ்வளவு நாள் என்று அவருக்கே தெரியும். கணக்குத் தொடங்கப் போன இடத்தில் கவுண்டருக்குப் பின்னாலிருந்தவர் பையனை நிமிர்ந்து பார்த்தார். வயதைக் கேட்டார்.

"பதினெட்டு தாண்டிடுச்சே. இனி நீங்க கையெழுத்துப் போட முடியாது."

"நான் அப்பன் சார்."

"இருக்கலாம். இவருக்கு நீங்கதான் காப்பாளர்னு பேப்பர் இருக்கா? டிசி, அதான் கலெக்டர் ஆபீஸ்ல வாங்கிட்டு வாங்க. டாக்டர் சர்ட்டிபிகேட்டும் வேணும்."

முப்பது கிலோமீட்டர் தள்ளி கோலார். கன்னடத்தில் ஒரு மனு. அதில் மகனுக்கு என்ன குறை என்ற கட்டத்தில் இப்போது எதை எழுதுவது? பிப்ரவரியில் அம்மா சொன்ன பதிலையா, இத்தனை வருடம் வாய்விட்டுச் சொல்லாத பதிலையா?

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிய அப்பாவை வாசலில் மறித்து நின்றது மகள்.

(தொடரும்)