நடுகல்லும் கல்லும்

தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறநானூறு 232) ‘நடுகல்’ என்னும் சொல் வருகின்றது. மயிற்பீலி சூட்டிக் கள்ளைச் சிறுகலத்தில் படைக்கும் காட்சி அது. தருமபுரியைப் பற்றி எழுதுவோர் இச்சொல்லை விரும்புதற்கு வேறு காரணம் வேண்டா.

ஆயின் அம்மண்ணில் நிற்கும் கற்கள் பெரும்பாலும் தம்மை அவ்வாறு அழைப்பதில்லை. பல்லவர் காலத்தில் வட்டெழுத்தில் பொறித்த தருமபுரி, செங்கம் பகுதிக் கற்களின் வாசகம் ஏறத்தாழ ஒரே அமைப்பினது. அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர், ‘தொறு’ மீட்டுப் ‘பட்டான்’ என்பது போன்ற செய்தி, முடிவில் ‘கல்’. தொறு என்பது ஆநிரை, படுதல் இறத்தல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழ்பிராமிக் கல் இவற்றினும் பல நூற்றாண்டுகள் முந்தியது. அதிலும் ‘கல்’ என்றே உள்ளது. வியப்பு என்னவெனில், தொல்காப்பியம் கூறும் ‘ஆகோள்’ என்னும் துறைப்பெயர் அதே கல்லில் இருக்கின்றது. இலக்கணச் சொல்லை அறிந்த கல்லும் தன்னை வெறுங்கல் என்றே சொல்லிற்று.

தொல்காப்பியர் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலை வகுத்தார். அச்சடங்கில் நடுதல் ஒரு படியே. இளங்கோவடிகள் இவற்றுள் ஐந்தை வஞ்சிக் காண்டத்துக் காதைகளுக்குப் பெயராக்கினார். ஆனால் அங்கே கல் எடுத்தது போரில் பட்ட மறவனுக்கன்று, கண்ணகிக்கு. கலைச்சொல் அப்பொழுதே தன் எல்லையைக் கடந்துவிட்டது.

சொல்லமைப்பையும் நோக்குக. நடுகல் வினைத்தொகை, நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என முக்காலத்துக்கும் விரியும். யாருக்கு நட்டது என்பது மட்டும் அதில் இல்லை. ‘இன்னான் கல்’ என்னும்போதோ ஆறாம் வேற்றுமை மறைந்து நின்று கல்லை ஒருவனுக்கே உரியதாக்குகின்றது. பொதுச்சொல் தனியாளைச் சுட்டுகின்றது. சிறப்புச்சொல் வகையைச் சுட்டுகின்றது.

இதனால் கலைச்சொல் வேண்டா என்பதன்று. எல்லைக்கல்லும் சதிக்கல்லும் கல்லே. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் வெளியிட்ட தொகுதிக்குச் ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தலைப்பன்றி வேறெது பொருந்தும்? ஊர்மக்களுக்கு இவ்விரு சொல்லும் தேவைப்படவில்லை. இப்பகுதிக் கற்கள் பலவற்றை அவர்கள் வேடியப்பன் என வணங்குகின்றனர். எண்ணெயும் மஞ்சளும் படிந்து எழுத்து மங்கினும் கல் பெயர்க்கப்படாமல் நிற்பது அவ்வழிபாட்டால்தான். எழுத்தை அறிந்து படிப்பார் வரும்வரை வீரன் பெயர் மட்டும் அடியில் காத்திருக்கும்.

செங்கத்தையடுத்த எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டினது. அதில் வீரனருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயரையும் எழுதி வைத்தனர்: கோவிவன்.