பதினைந்து பேரும் நினைவில் வைக்கக்கூடிய திட்டம்

பதிவு கொஞ்சம் நீளம். மலையகப் பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருக்கும் ஆசிரிய நண்பர்கள், முக்கியமாக இந்த ஆண்டில் றக்பி தொடங்க நினைப்பவர்கள், நேரம் எடுத்து வாசியுங்கள்.

சில மாதங்களாக நம்மிடம் வரும் கேள்வி இதுதான்: "சேர், பிள்ளைகள் இப்பதான் பந்து பிடிக்கவே பழகுறாங்க. மெட்ச்சுக்கு என்ன பிளான் குடுக்கிறது?" பெரிய பாடசாலை ஒன்றின் பயிற்சிக் கொப்பியைப் போட்டோ கொப்பி அடித்துக் கொடுப்பதுதான் வழமையான பதில். அதில் இருபது குறியீடுகள் இருக்கும், அம்புக்குறிகள் இருக்கும். பிள்ளைகள் மைதானத்தில் இறங்கிய இரண்டாவது நிமிடத்தில் அத்தனையும் மறந்துபோகும். வேறு பதில் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். அது இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இருக்கிறது.

முதலில் நம்முடைய மலைகளைப் பார்ப்போம். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரயில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். நோய் வந்து கோப்பி அழிந்த பிறகு திம்புள, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கமெல்லாம் தேயிலை ஏறியது. ரயில் பாதை 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. இதே காலத்தில்தான் றக்பியும் இந்த நாட்டுக்குள் வந்தது. 1879 இல் கொழும்பில் முதலாவது கழகம் உருவானது. மலையில் அதை விளையாடியவர்கள் தோட்டத் துரைமார். தரவளையில் டிக்கோயா மஸ்கெலியாக் கழகம், ரதல்லயில் திம்புளக் கழகம், பதுளையில் ஊவாக் கழகம் என்று ஒவ்வொரு தேயிலைப் பகுதிக்கும் ஒரு கழகம் இருந்தது. நாட்டின் றக்பிப் பலத்தில் பாதி அப்போது மலையில்தான் இருந்தது என்று சொன்னாலும் மிகையாகாது.

ஆனால் அந்தக் கழகங்கள் வெள்ளைக்காரர்களுக்கானவை. நம் பிள்ளைகளின் பாட்டன் பூட்டன்மார் கொழுந்துக் கூடையோடும் கவ்வாத்துக் கத்தியோடும் அந்த மைதானங்களைச் சுற்றியுள்ள மலைகளில் நின்றார்கள். உள்ளூர்க்காரருக்கென்று கொழும்பில் சி.ஆர். கழகம் தொடங்கியதே 1922 இல்தான். 1948 இல் தோட்ட மக்களின் குடியுரிமை போனது. 1970 களில் தோட்டங்கள் அரசுடைமையாகின, துரைமார் ஊருக்குப் போனார்கள், மலையகக் கழகங்கள் மெலிந்தன. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுக்கத் தொடங்கியது 1977 இல். ஆக, நூறு வருடத்துக்கு மேல் கண்ணுக்கு முன்னால் நடந்த ஒரு விளையாட்டில் நம் பிள்ளைகள் இன்று புதுமுகங்கள். அவர்கள் திறமையில்லாததால் புதுமுகங்களாகவில்லை. அவர்களுக்கு வாசல் திறக்கவில்லை. திட்டம் போடும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

இன்று பெரிய பெயரோடு இருக்கும் பாடசாலைகளும் ஒருநாள் புதுமுகங்களாக இருந்தவைதான். கண்டி திரித்துவக் கல்லூரியில் றக்பி தொடங்கியது 1891 இல், அதிபர் நேப்பியர் கிளேவரிங் காலத்தில். அதே ஆண்டில்தான் எல்.ஈ. பிளேஸ் கிங்ஸ்வூட் கல்லூரியை ஆரம்பித்தார். இந்த இரண்டு பாடசாலைகளும் மோதிய ஆட்டம்தான் இலங்கையில் பாடசாலைகளுக்கு இடையே நடந்த முதலாவது றக்பி ஆட்டம். அது நடந்தது 1906 இல். கணக்குப் பாருங்கள், இடையில் 15 வருடம். திரித்துவத்தோடு றோயல் கல்லூரி முதன்முதலாக ஆடியது 1920 இல், பிராட்பி கேடயம் வந்தது 1945 இல். நாமோ ஒரு தவணை பயிற்சி கொடுத்துவிட்டு, "ஏன் சேர் இன்னும் வெல்லவில்லை?" என்று கேட்கிறோம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். உலக றக்பி வரலாற்றில் மூன்று இடங்களை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

முதலாவது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரம், 1884. அந்தக் காலத்தில் ஓடுவதற்கென்று பின்னால் மூன்று பேரை நிறுத்துவதுதான் வழக்கம். கார்டிஃப் கழகத்தில் ஒருவருக்கு ஆட முடியாமல் போக, ஃபிராங்க் ஹேன்கொக் என்பவர் பதிலாக வந்து மிக நன்றாக ஆடிவிட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் பழைய ஆள் திரும்பி வந்தார். யாரை நீக்குவது? யாரையும் நீக்காமல் முன்னால் ஒருவரைக் குறைத்து, பின்னால் நான்கு பேராக ஆக்கினார்கள். இன்று உலகம் முழுக்க ஆடப்படும் அமைப்பு அப்படித்தான் பிறந்தது. யாரும் மேசையில் உட்கார்ந்து வரைந்ததல்ல, கையில் இருந்த ஆட்களைப் பார்த்துப் போட்ட திட்டம். 1885/86 பருவத்தில் ஹேன்கொக்கின் தலைமையில் கார்டிஃப் 27 ஆட்டங்களில் 26 ஐ வென்றது.

கதை இங்கே முடியவில்லை. 1886 இல் ஸ்கொட்லாந்துக்கு எதிராக வேல்ஸ் தேசிய அணி இதே அமைப்பைப் போட்டுப் பார்த்தது. தோல்வி. ஆட்டத்தின் நடுவிலேயே அதைக் கைவிட்டுப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். ஏனென்றால் மற்றக் கழகங்களிலிருந்து வந்த வீரர்களுக்கு அது பழக்கமில்லை. திட்டம் நல்லதுதான், பழகாத கால்களுக்கு அது சுமையானது. வேல்ஸ் முழுக்க அது பரவிப் பழகிய பிறகு, 1893 இல் அதே நான்கு பேர் அமைப்போடு இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றார்கள். போட்டோ கொப்பித் திட்டம் ஏன் வேலை செய்யாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

இரண்டாவது 1905 டிசம்பர் 16, மீண்டும் கார்டிஃப். எதிரில் நியூசிலாந்து. அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர்கள் ஆடிய 35 ஆட்டங்களில் 34 ஐ வென்றார்கள். தோற்ற ஒன்று இதுதான். வேல்ஸ் அணியின் ஸ்க்ரம் ஹாஃப் டிக்கி ஓவன் ஓர் உருக்காலைத் தொழிலாளி, குள்ளமான மனிதர். ஸ்க்ரமிலிருந்து பந்தை எடுத்ததும் வலப்பக்கம் ஓடினார். நியூசிலாந்துக்காரர் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஓவன் சட்டென்று பந்தை இடப்பக்கம் திருப்பிப் போட்டார். அது கைமாறிக் கடைசியில் டெடி மோர்கனிடம் போய்ச் சேர, அவர் மூலையில் ட்ரை வைத்தார். 3-0. முழு ஆட்டத்துக்கும் அந்த ஒரு ட்ரைதான். அந்த நகர்வை முன்கூட்டியே திரும்பத் திரும்ப ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்கள். இருபது நகர்வுகள் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு நகர்வு போதுமாக இருந்தது.

மூன்றாவது ஜப்பான். உடம்பில் சிறியவர்கள், நம்மைப் போல. 1960 களின் நடுவில் பயிற்றுநராக வந்த ஓனிஷி டெட்சுனொசுகே தன் முழுத் திட்டத்தையும் மூன்று சொற்களில் அடக்கினார்: பரவு, நெருங்கு, தொடர். மைதானம் முழுக்கப் பரவி நில், எதிராளியை நெருங்கிப் போய்ப் பந்தைக் கைமாற்று, நிறுத்தாமல் தொடர்ந்து செய். 1968 இல் நியூசிலாந்தின் கனிஷ்ட அணியை அவர்களுடைய மண்ணிலேயே 23-19 என்று வென்றார்கள். 1971 இல் டோக்கியோவில் இங்கிலாந்திடம் 3-6 என்று மயிரிழையில் தோற்றார்கள். 1974 இல் ஆசியப் போட்டி கொழும்பில் நடந்தபோது கிண்ணத்தை எடுத்ததும் ஜப்பான்தான், இலங்கை இரண்டாமிடம். 2015 உலகக் கிண்ணத்தில் பிரைட்டன் நகரில் தென்னாபிரிக்காவை 34-32 என்று ஜப்பான் வென்றதைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முன் எல்லா உலகக் கிண்ணங்களிலும் சேர்த்து அவர்கள் வென்றது ஒரே ஓர் ஆட்டம்.

இந்த மூன்றிலிருந்தும் நாம் எடுப்பது மூன்று விதி. கையிலிருக்கும் பிள்ளைகளைப் பார்த்துத் திட்டம் போடு. பழகாததை ஆட்டத்தில் செய்யச் சொல்லாதே. சில சொற்களில் சொல்ல முடியாத திட்டத்தைச் சுருக்கு.

இதை வைத்து நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திட்டம் ஐந்து வரிதான்.

ஒன்று, பந்து எதிரணியிடம் இருந்தால் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், கோட்டாகவே முன்னேற வேண்டும். ஒருவன் மட்டும் ஆர்வத்தில் முந்தினால் அவன் விட்ட ஓட்டையால் எதிராளி போய்விடுவான். பிடிப்பது இடுப்புக்குக் கீழே. பிடிப்பவனின் தலை, ஓடுபவனின் உடம்புக்கு முன்னால் போகக் கூடாது, பின்பக்கம் இருக்க வேண்டும்.

இரண்டு, நம்முடைய 22 மீட்டர் கோட்டுக்குள் பந்து கிடைத்தால் விளையாட்டுக் காட்ட வேண்டாம், வெளியே உதைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்குள் இருந்து உதைத்தால்தான் பந்து நேரே வெளியே போனாலும் அது வெளியேறிய இடத்தில் ஆட்டம் தொடங்கும். கோட்டுக்கு வெளியே நின்று அப்படி உதைத்தால் உதைத்த இடத்துக்கே திரும்ப வேண்டும். இந்த விதி தெரியாமல் இடத்தை இழக்கும் அணிகள் நிறைய.

மூன்று, நடு மைதானத்தில் ஒரு பாஸ், ஒரு ஓட்டம். ஓடுபவனுக்குப் பின்னால் எப்போதும் இரண்டு பேர். அவன் விழுந்தால் அந்த இரண்டு பேரும் பந்தைக் காக்க வேண்டும். இப்படி மூன்று முறை செய்த பிறகுதான் பந்து ஓரத்துக்குப் போகும், வேகமான பிள்ளைகளிடம்.

நான்கு, ஸ்க்ரமில் பந்தை உடனே எடுத்துவிட வேண்டும். 19 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் ஆட்டத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ள அனுமதியில்லை, எனவே பாரத்தில் குறைந்த பிள்ளைகள் பயப்படத் தேவையில்லை. ஆனால் முன்வரிசை மூன்று பேரும் அதற்கென்று பழக்கப்பட்டவர்களாகவே இருக்க வேண்டும். லைன் அவுட்டில் பந்து முதலாவதாக நிற்பவனுக்குத்தான்.

ஐந்து, பெனால்டி கிடைத்தால் முடிவு அணித் தலைவனுடையது. ஓரத்தில் நிற்கும் நாம் வாயைத் திறப்பதில்லை.

குறியீட்டுச் சொற்கள் இரண்டுதான்: "மேட்டு லயம்", "பள்ளத்து லயம்". மலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் பள்ளம். வலது இடது என்று சொன்னால் ஓடும் அவசரத்தில் பிள்ளைக்குக் குழப்பம் வரும், இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினால் இன்னும் குழப்பம். மேடு எப்போதும் மேடுதான். டிக்கி ஓவன் செய்ததையும் இதிலேயே பழக்குகிறோம். "மேட்டு லயம்" என்று இரண்டு முறை சத்தம் போட்டால் பந்து பள்ளத்துக்குப் போகும்.

திட்டம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறோம். அணியிலேயே வயதில் சிறிய மேலதிக வீரனைக் கூப்பிட்டு முழுத் திட்டத்தையும் சொல்லச் சொல்வோம். ஒரு நிமிடத்தில் சொன்னால் சரி. தடுமாறினால் அவனைத் திருத்துவதில்லை, திட்டத்திலிருந்து ஒன்றை வெட்டுவோம்.

"இவ்வளவு எளிமையாகப் போனால் பெரிய அணியிடம் வெல்ல முடியுமா?" என்று கேட்கிறார்கள். முதல் வருடத்தில் முடியாமல் போகலாம். ஆனால் எளிமை வேண்டும் என்று நாம் அடம்பிடிப்பதற்கு வெற்றியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. றக்பியில் அதிகம் காயப்படுபவன் எங்கே நிற்பது, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தயங்கும் பிள்ளை. நம் பிள்ளை ஒருவன் தோள்பட்டை எலும்பு முறிந்து வைத்தியசாலையில் இருந்தால், அவனுடைய தாய் மலைக்குப் போக மாட்டார். போகாத நாளுக்குப் பேர் விழாது. அந்த வீட்டில் அடுத்த மாதம் எது குறையும் என்று நமக்குத் தெரியும். அந்தத் தாய் நம்மை நம்பித்தான் பிள்ளையை அனுப்புகிறார். ஆகவே, தெளிவான திட்டம் பிள்ளையின் பாதுகாப்பு. அடுத்ததுதான் புள்ளி.

இன்னொன்றும் இருக்கிறது. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சரிவராது, அது கண்டிப் பெரிய பாடசாலைகளுக்குரியது" என்று சொல்பவர்கள் நம் மத்தியிலேயே இருக்கிறார்கள். வேல்ஸில் இதை நாட்டின் விளையாட்டாக்கியவர்களில் நிலக்கரிச் சுரங்கத்துக்காரரும் உருக்காலைக்காரரும் இருந்தார்கள். கிங்ஸ்வூட்டில் ஆடிப் பழகிய ஃபாஸில் மரிஜா கண்டிக் கழகத்துக்கும் தேசிய அணிக்கும் ஆடினார். விளையாட்டு யாருடைய சொத்தும் இல்லை. தினமும் செங்குத்தான மலைப் பாதையில் ஏறி இறங்கிப் பாடசாலைக்கு வரும் பிள்ளையின் காலில் இருக்கும் பலம் பணம் கொடுத்து வாங்கக்கூடியதல்ல. அதை எங்கே பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் நம் வேலை.

உங்கள் பாடசாலையில் தொடங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஐந்து வரியையும் அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளைப் பாருங்கள். வேகமானவர்கள் அதிகமா, உயரமானவர்கள் இருக்கிறார்களா, நன்றாக உதைக்கத் தெரிந்தவன் யார்? அதற்கேற்ப மாற்றுங்கள், வெட்டுங்கள். எழுதி முடித்ததும் உங்கள் அணியிலிருக்கும் சிறிய பிள்ளையிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவன் சொல்வதைக் கீழே எழுதுங்கள், நாமும் கற்றுக்கொள்கிறோம்.